பஞ்சாங்கம் வடதுருவம் போகுமா?

மார்கழியில் வடக்கே போவதா, ஆனியில் வடக்கே போவதா என்று ஒரு சகோதரியார் நம்மைக் கேட்டார். கேள்வி மிகச் சிறியது. ஆனால் அக்கேள்விக்கு அவருடைய வீட்டார் முன்னமே அளித்திருந்த பதில்களைக் கேட்டபோது, பினாங்கில் வாழும் நம்மவரிற் சிலர் எந்த நூற்றாண்டில் குடியிருக்கிறார்கள் என்னும் ஐயம் நமக்கு உண்டாயிற்று. வீட்டுக்குள் நடந்த பேச்சை வீதிக்குக் கொண்டுவருவது முறையா என்று சிலர் கேட்கக்கூடும். பெயரைக் குறிப்பிடாமல், அச்சகோதரியாரின் சம்மதம் பெற்றே இதனை எழுதுகிறோம். இது ஒரு வீட்டின் பேச்சு மாத்திரம் அன்று. பல வீடுகளில் பல முறை நடந்துவரும் பேச்சு.

விஷயம் இதுதான். சகோதரியார் ஜார்ஜ் டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் தத்தம் உத்தியோகம், தத்தம் குடும்பம் என்று நிலைபெற்றுவிட்டனர். அவர் பள்ளியில் இருந்த காலமெல்லாம், ஆண்டுதோறும் ஓர் ஆரஞ்சுப் பழத்தில் கம்பியைச் செருகி, அதைச் சற்றே சாய்த்துப் பிடித்து, மேஜை மீதிருக்கும் மெழுகுவர்த்தியைச் சுற்றிக் கொண்டுவந்து, "பூமி நேராக நிற்கவில்லை, இருபத்து மூன்றரை பாகை சாய்ந்து நிற்கிறது, அதனால்தான் உலகத்தில் கோடையும் குளிரும் உண்டாகின்றன" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வந்தார். பிள்ளைகள் உடனே, "டீச்சர், அப்படியானால் நம் ஊரில் ஏன் ஒன்றும் மாறவில்லை?" என்று கேட்பார்களாம்.

பிள்ளைகள் கேட்டது நியாயமே. பினாங்கு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்தரைப் பாகைக்குள் கிடக்கிறது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் முக்கால் மணி நேரங்கூட இல்லை. வருஷம் முழுவதும் ஒரே வெயில், ஒரே புழுக்கம், ஒரே மழை. குளிர் வேண்டுமென்றால் 1923-இல் கட்டி முடித்த மலை ரயிலில் ஏறிக் கொடிமலை உச்சிக்குப் போய், கீழே இருப்பதைவிட ஐந்து பாகை குறைந்த காற்றைச் சுவாசித்துவிட்டு இறங்க வேண்டும். பனி வேண்டுமென்றால் ஐஸ் கச்சாங் வாங்கித் தின்ன வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு பூமியின் சாய்வைப் பிள்ளைகளை நம்பச் செய்வது எளிய காரியம் அன்று. ஆதலால், "முப்பது வருஷம் வாயால் சொன்னதை ஒரு முறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும்" என்பது அவருடைய ஆசை. சூரியன் உதிக்காத நாளையோ, மறையாத நாளையோ காண வேண்டும். அதற்கு நார்வே நாட்டின் வடகோடியில் உள்ள டிரோம்சோ நகரத்தைத் தேர்ந்தெடுத்தார். குளிர்காலமென்றே தீர்மானித்து, தம் ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த பணத்திலிருந்து முன்பணமும் கட்டினார்.

செய்தி தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்தில் சபை கூடிற்று. தமையனார், "மார்கழியில் தூரதேசப் பிரயாணம் தொடங்கலாகாது, அது பீடை மாதம்" என்றார். அண்ணியார், "தாலி இழந்தவள் தனியாக இப்படிக் கிளம்பினால் நாலு பேர் என்ன சொல்லுவார்கள்?" என்றார். தமையனாரின் மகன், படித்த பிள்ளை, கணினித் தொழிலில் இருப்பவர், "அத்தை, இவ்வளவு பணத்தை ஐஸ் பார்ப்பதற்காகவா செலவழிப்பீர்கள்? வடக்கேதான் போக வேண்டுமென்றால் காசிக்குப் போய்வாருங்கள், புண்ணியமாவது கிடைக்கும்" என்றார். யாரோ ஒருவர் ஜோதிடரைக் கைப்பேசியில் அழைத்தார். அந்த ஆண்டு முடியும்வரை அம்மையாருக்கு வடதிசை ஆகாது என்று அவர் கூறினார். டிக்கெட்டுப் பதிவு செய்த பொறுப்பு அண்ணன் மகனிடம் இருந்தபடியால், மறுநாளே அத்தையைக் கேளாமல் பயணம் ரத்துச் செய்யப்பட்டது. முன்பணம் போயிற்று. அந்தப் பணத்தை நாம் பஞ்சாங்க வரி என்று அழைக்கிறோம். சர்க்கார் போடாத வரி, சட்டசபை கேளாத வரி, நம் வீடுகள் தோறும் இன்னும் வசூலாகிக்கொண்டிருக்கும் வரி இது.

நிற்க. மேற்படி ஆட்சேபங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில் பஞ்சாங்கம். இராகுகாலம் என்பது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பஞ்சாங்கம் பார்ப்பவரே சொல்லட்டும். சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரையுள்ள நேரத்தை எட்டுப் பங்காக்கி, கிழமைக்கு ஒரு பங்கை இராகுவுக்கு ஒதுக்குவதுதான் அக்கணக்கு. உதயம் ஆறு மணி என்று வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை என்று நாட்காட்டியில் அச்சடிக்கிறார்கள். சென்னைக்கு அது ஏறக்குறையப் பொருந்தலாம். பினாங்கில் சூரியன் எந்த மாதத்திலும் காலை ஏழு மணிக்குப் பிறகே தலைகாட்டுகிறான். ஆகவே ஏழரை மணி என்பது இங்கே உதயகாலம். அவர்கள் கணக்குப்படியே பார்த்தாலும் இராகு வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. இருந்தும் மார்க்கெட் தெருக் கடையில் இலவசமாகக் கிடைத்த நாட்காட்டியைப் பார்த்து ஏழரைக்கு வண்டியை நிறுத்தி, ஒன்பதுக்குப் புறப்பட்டு, மெய்யான இராகுகாலத்துக்குள் போய் விழுகிறார்கள்! விழுந்தும் ஒரு கேடும் வருவதில்லை என்பதே இக்கணக்கின் யோக்கியதைக்குப் போதிய அத்தாட்சி. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. அன்று இராகுவுக்குத் தந்தி கொடுத்து அறிவித்தவர் யார்?

இனி இப்பஞ்சாங்கத்தை டிரோம்சோவுக்குக் கொண்டுபோவோம். அந்நகரம் வடக்கே அறுபத்தொன்பதரைப் பாகையைத் தாண்டி, ஆர்க்டிக் வட்டத்துக்கு உள்ளே இருக்கிறது. நவம்பர் மாதக் கடைசி வாரம் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. மார்கழி முழுவதும் உதயமே இல்லாத ஊர் அது. உதயமே இல்லாத பகலை எட்டாக வகுப்பது எப்படி? இராகுவுக்கு அங்கே பங்கு ஏது? எமகண்டனும் குளிகனும் எங்கே போய் நிற்பார்கள்? கோடையிலோ, மே மாதம் மூன்றாம் வாரம் முதல் ஜூலை மூன்றாம் வாரம் வரை சூரியன் அங்கே மறைவதே இல்லை. உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடைப்பட்ட நேரம் அறுபது நாட்களுக்கு மேல். அதை எட்டால் வகுத்தால் ஏழு நாட்களுக்குக் குறையாமல் ஒரே இராகுகாலம் வரும். அந்த ஒரு வாரமும் டிரோம்சோ மக்கள் மீன்பிடிக்கப் போகாமல், மருத்துவமனையைத் திறக்காமல், பிள்ளை பெறாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் போலும்!

சூலத்தின் கதையும் இதுவே. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம் என்கிறார்கள். பால் பருகிவிட்டுப் போனால் பரிகாரம் என்கிறார்கள். பினாங்கிலிருந்து நார்வேக்கு நேர் விமானம் இல்லை. பெரும்பாலோர் முதலில் தெற்கே கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய், அங்கிருந்துதான் வடமேற்கே பறக்க வேண்டும். இந்தப் பிரயாணத்துக்கு எந்தத் திசையின் சூலத்தைப் பார்ப்பது? போகட்டும், வடதுருவத்திலேயே போய் நிற்பவனை எடுத்துக்கொள்வோம். அவன் எப்பக்கம் திரும்பினாலும் தெற்கே. வேறு திசையே அவனுக்கு இல்லை. வியாழக்கிழமை தெற்கே சூலம். ஆகவே வாரத்தில் ஒரு நாள் அவன் ஓரடியும் எடுத்து வைக்கலாகாது. மற்ற ஆறு நாட்களும் அவனை எந்தச் சூலமும் தீண்டாது. வடக்கே தலைவைத்துப் படுக்காதே என்ற பாட்டியின் கட்டளையும் அங்கே தானாகவே நிறைவேறிவிடும். துருவப் புள்ளியில் காலை வைத்து எப்பக்கம் சாய்ந்தாலும் தலை தெற்கேதான்.

வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு விதி உலகம் முழுமைக்கும் உண்மையாக இருந்தால் அது இயற்கையின் விதி. ஒரு சில பாகைகளுக்குள் மாத்திரம் செல்லுபடியாகி, சற்றே வடக்கே போனதும் அர்த்தமற்றுப் போவதாக இருந்தால், அது ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு ஊரில் இருந்தவர்கள் தங்கள் கண்ணுக்குத் தெரிந்த வானத்தை வைத்துக் கட்டிய வழக்கம். ஆரஞ்சுப் பழத்தைச் சாய்த்துப் பிடித்த ஆசிரியைக்கு இது தெரியும். தெரிந்தவர் வாயை, தெரியாதவர் கூடி அடைத்தார்கள் என்பதுதான் நம் வருத்தம்.

இதைச் சொன்னால், "நம் முன்னோருக்குத் துருவத்தின் சங்கதி தெரியாதென்றா நினைக்கிறீர்? தேவர்களுக்கு ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு என்று சாஸ்திரம் சொல்லவில்லையா?" என்று மடக்குவார் உண்டு. இதை வைத்தே பாலகங்காதர திலகர் 1903-இல் ஒரு புத்தகம் எழுதினார். வேதங்களில் நீண்ட விடியலும் நீண்ட இரவும் பேசப்படுவதால், அவற்றைப் பாடியவர்களின் ஆதித் தாயகம் ஆர்க்டிக் பிரதேசமே என்பது அவர் வாதம். சரித்திர ஆராய்ச்சியாளர் அதை ஏற்கவில்லை. ஆயினும் வாதத்துக்காக ஏற்றுக்கொள்வோம். வடதுருவமே தேவர்களுடைய ஊர், வேதத்தின் பிறப்பிடம் என்றால், அந்தப் புண்ணிய பூமிக்கு ஓர் அம்மையார் போக விரும்பும்போது மேளம் கொட்டி அல்லவா வழியனுப்ப வேண்டும்? பெருமை பேசும்போது துருவம் நம்முடையது. பெண் ஒருத்தி டிக்கெட்டு வாங்கினால் மாத்திரம் துருவம் ஆகாத திசையா?

இனி, "தூரதேசம் போகலாகாது" என்னும் வாதம். இதைப் பினாங்கில் இருந்துகொண்டு சொல்வதுதான் நமக்குப் பெரும் வியப்பு. கடல் கடப்பது பாவம், கடந்தவன் ஜாதியை இழந்தான் என்று சொல்லிவந்த நாட்டிலிருந்து, அச்சொல்லை மீறிக் கப்பலேறியவர்களின் பேரர்கள்தாம் நாம். 1786-இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கொடியேற்றிய காலந்தொட்டு, வணிகராயும் கூலிகளாயும் கணக்கர்களாயும் வந்திறங்கிய தமிழர் அத்தனை பேரும் நல்ல நாள் பார்த்தா வந்தார்கள்? நாகப்பட்டினத்தில் கப்பல் என்றைக்குப் புறப்பட்டதோ அன்றைக்கே அவர்களுக்கு முகூர்த்தம். கணித மேதை இராமானுஜன் 1914-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது எழுந்த ஆசாரத் தடைகள் யாவரும் அறிந்தவை. அத்தடைகள் வென்றிருந்தால் உலகம் எதை இழந்திருக்கும்? ஈ.வெ. ராமசாமி 1929 டிசம்பரில் இதே பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கினார். 1931 டிசம்பரில் மீண்டும் சென்னையில் கப்பலேறி, 1932 பிப்ரவரியில், ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில், பனி மூடிய ருஷியாவுக்குள் நுழைந்தார். குளிர்காலம் என்று அவர் நிற்கவில்லை. பார்க்க வேண்டியது அங்கே இருந்தது, ஆகவே போனார்.

இவர்கள் எல்லாம் பெரிய மனிதர்கள், நமக்கு ஒப்பாகுமா என்பீர்களாயின், பெரிய மனிதர் அல்லாதாரையே சொல்லுகிறோம். யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோணி இராஜேந்திரம் 1956-இல் நார்வே சென்றார். அங்கு மீன்பிடித் தொழிலைக் கற்று, அந்நாட்டு நண்பர்களின் உதவியோடு காரைநகரில் சீநோர் என்னும் மீன்பிடித் தொழில் முயற்சியை உருவாக்கினார். அவர் திறந்த வழியில் இளைஞர் பலர் படிக்கச் சென்றனர். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் உயிருக்கு அஞ்சிச் சென்றவர் தொகை பெருகிற்று. அவர்களில் அனேகருக்கு வேலை கிடைத்த இடம் நார்வேயின் வடகோடியான பின்மார்க் மாகாணத்து மீன் பதனிடும் ஆலைகள். பனை மரமும் வெயிலுமாக வளர்ந்த பெண்கள், இரண்டு மாத காலம் சூரியன் உதிக்காத கடற்கரை ஊர்களில், கையுறை அணிந்து, ஓடும் பட்டையில் வரும் மீனைத் துண்டம் போட்டுக் குடும்பங்களை நிமிர்த்தினார்கள். அவர்களில் கணவனைப் போரில் இழந்தவர்களும் இருந்திருப்பார்கள். அங்கே மார்கழி அவர்களைத் தடுக்கவில்லை. தாலி இல்லாத கழுத்தைப் பார்த்து மீன் விலகிப் போகவில்லை. வயிற்றுப் பிழைப்புக்காகத் தமிழ்ப் பெண் வடதுருவத்துக்கு அருகே போய் நிற்கலாம். அறிவுக்காகவும் ஆனந்தத்துக்காகவும் போகலாகாது என்றால் அது எந்த ஊர் நியாயம்?

இப்போது இரண்டாவது ஆட்சேபத்துக்கு வருகிறோம். உண்மையில் மற்ற ஆட்சேபங்களின் அடியில் படுத்திருப்பது இதுவே. "தாலி இழந்தவள்." இதே அம்மையாரின் தமையனார் சென்ற ஆண்டு மனைவியோடு ஐரோப்பா சுற்றிவந்தபோது யாரும் பஞ்சாங்கம் புரட்டவில்லை. தம்பியார் மனைவியை இழந்து ஆறு மாதத்துக்குள் நண்பர்களோடு ஜப்பானுக்குப் போனபோது, "பாவம், மனம் ஆறட்டும்" என்று அனைவரும் வழியனுப்பினார்கள். மனைவியை இழந்தவனுக்கு மனம் உண்டு. கணவனை இழந்தவளுக்கு மாத்திரம் மனம் இல்லையோ? அவளுக்கு நம் சமூகம் நெடுங்காலமாக அனுமதித்திருக்கும் வடக்கு ஒன்றே ஒன்று. அது காசி. அங்கே போய்ப் பாவத்தைக் கழுவலாம். உலகத்தைப் பார்க்க வெளியே போகலாகாது. காசிக்குப் போக விரும்புவோர் போகட்டும். அது அவரவர் உரிமை. அதை நாம் தடுக்க வரவில்லை. ஆனால் ஒருவர் விரும்பாத காசியை அவர் விரும்பிய டிரோம்சோவுக்கு விலையாகக் கொடுப்பது பக்தியன்று, அதிகாரம்.

அவர் பார்க்க விரும்பிய நாட்டில் பெண்கள் 1913-லேயே ஆடவரோடு ஒப்பாக வாக்குரிமை பெற்றுவிட்டார்கள். அந்நாட்டின் வடக்கே கலைமான் மேய்க்கும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்குச் சாமி இனத்தார் என்று பெயர். நம்மூர்ச் சாமிக்கும் இவர்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அம்மக்களின் முதல் மகாநாடு 1917 பிப்ரவரி 6-ஆம் நாள் கூடியபோது, அதைக் கூட்டுவதற்கு முன்னின்றவர் எல்சா லவுலா ரென்பர்க் என்னும் பெண்மணி. அந்த நாளையே அவர்கள் இன்றும் தங்கள் தேசிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். பனிக்காட்டில் கூடாரத்தில் வாழ்ந்தவர்கள் என்று பிறர் இகழ்ந்த இனத்தில் ஒரு பெண் மகாநாடு கூட்டினார். நாமோ, குளிர்சாதனக் கூடத்தில் அமர்ந்து, முப்பது ஆண்டு பிள்ளைகளுக்கு அறிவு புகட்டிய பெண்ணின் டிக்கெட்டைக் கிழிக்கிறோம்.

மூன்றாவது, பணம். சொந்தப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று ஒருவருக்குச் சொல்ல வந்தவர்கள், தங்கள் கணக்கை முதலில் காட்ட வேண்டும். அண்ணன் மகனின் கல்யாணத்துக்கு மண்டபம், மேடை அலங்காரம், மூன்று வேளை விருந்து என்று செலவான தொகையில் எத்தனை பேர் வடதுருவம் போய்வரலாம் என்பதை அவரே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். அவர் தொழிலே கணக்குப் போடும் தொழில்தானே! கடன் வாங்கிப் போகிறார் என்றால் நாமும் தடுப்போம். பிள்ளைகளின் படிப்புப் பணத்தை எடுத்துப் போகிறார் என்றால் நாமும் கண்டிப்போம். இரண்டும் இல்லை.

மறுபக்கத்தையும் விட்டுவிடுவதாக இல்லை. பஞ்சாங்கத்தை உதறிவிட்டோம் என்று மார்தட்டிக்கொண்டு, வேறொரு பஞ்சாங்கத்தின் காலடியில் விழுந்து கிடப்பவரும் நம்மில் உண்டு. அது கைப்பேசியில் வரும் படங்களின் பஞ்சாங்கம். எந்த மாதம் போனால் எந்தப் படம் எடுக்கலாம், எந்தப் படத்தைப் பார்த்தால் எந்த உறவினர் பொறாமைப்படுவர் என்பதே இவர்களுடைய கோசாரம். பச்சை ஒளியின் கீழே கண்ணாடி வீட்டில் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புவார்கள். அந்த ஒளி என்ன, அது ஏன் அங்கே தோன்றுகிறது, அந்நிலத்து மக்கள் யார், அவர்கள் மொழியைப் பள்ளிக்கூடத்தில் பேசவிடாமல் அரசு ஒடுக்கியதற்கு 1997-இல் நார்வே மன்னர் வருத்தம் தெரிவித்தது ஏன் என்று ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். மொழிக்காகக் கவலைப்படும் தமிழன் அந்த மண்ணில் நின்று கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுவல்லவா? மூடத்தனம் பழைய உடையில் வந்தாலும் புதிய உடையில் வந்தாலும் மூடத்தனமே.

இனி, சகோதரியார் கேட்ட கேள்விக்கு நம் பதிலைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். குளிர்காலமா, கோடையா?

கோடையில் போனால் நள்ளிரவுச் சூரியனைக் காணலாம். மலையும் கடலும் பச்சையும் நீலமுமாக விரிந்து கிடக்கும். நடக்கலாம், படகில் போகலாம், பறவைகளைக் காணலாம். கனத்த உடை வேண்டியதில்லை. உள்நாட்டுப் பகுதிகளில் கொசு மொய்க்கும். கொசுவைப் பினாங்குக்காரருக்கு நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இரவே இல்லாத காலத்தில் வடதுருவ ஒளியைக் காண முடியாது. அது வானில் இல்லாமல் போவதில்லை. பகலில் விண்மீன் தெரியாதது போலத் தெரியாமல் போகிறது. ஜூலையில் அவ்வொளியைக் காட்டித் தருகிறோம் என்று எவரேனும் விளம்பரம் செய்தால் அவரிடம் ஒரு வெள்ளியும் கொடுக்க வேண்டாம்.

குளிர்காலத்தில் போனால் அவ்வொளியைக் காணும் வாய்ப்பு உண்டு. சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றமுடைய நுண்துகள்கள், பூமியின் காந்த மண்டலத்தால் துருவங்களின் பக்கம் திருப்பப்பட்டு, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே காற்றில் மோதும்போது, பிராணவாயு பச்சையாயும் சிவப்பாயும் ஒளிர்கிறது. சூரியனே இதற்குக் காரணம் என்பதை நார்வே நாட்டு விஞ்ஞானி கிறிஸ்டியான் பிர்க்கலாந்து, காந்தம் வைத்த ஓர் உருண்டையைப் பூமியாகப் பாவித்து ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டினார். ஆரஞ்சுப் பழம் வைத்திருந்த நம் ஆசிரியைக்கு அவர் தூரத்து உறவு என்றே சொல்லலாம். ஆயினும் மேகம் மூடினால் அவ்வொளி தெரியாது. மூன்று இரவு தங்கிவிட்டு ஏமாந்தோம் என்பார் பலர். ஐந்தாறு இரவாவது வைத்துக்கொள்ள வேண்டும். இரவும் வேண்டும், பகலில் நடமாட வெளிச்சமும் வேண்டும் என்போர் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களைத் தேர்வது நன்று. பனி இருக்கும், சூரியனும் திரும்பியிருப்பான். பனியில் நடக்க அஞ்சுவோர் செப்டம்பர், அக்டோபரில் போகலாம்.

குளிரைப் பற்றி அஞ்சுவதிலும் அளவு வேண்டும். அட்லாண்டிக் கடலின் வெப்ப நீரோட்டம் தொட்டுச் செல்வதால் டிரோம்சோவின் துறைமுகம் நடுக்குளிர் காலத்திலும் உறைவதில்லை. ஜனவரி மாதத்தில் அங்கே சராசரிக் குளிர் சுழியத்துக்குக் கீழே நான்கைந்து பாகைதான். உள்நாட்டில் கதை வேறு. காரஷோக் என்னும் ஊரில் 1886 ஜனவரி முதல் நாளில் சுழியத்துக்குக் கீழே ஐம்பத்தொரு பாகைக்கும் அப்பால் குளிர் இறங்கியது பதிவாகியிருக்கிறது. ஒரே அகலாங்கில் கடலோரம் ஒரு நியாயம், உள்நாடு ஒரு நியாயம். ஆகவே வரைபடம் பார்க்காமல், "வடக்கே குளிரும்" என்று மொத்தமாகச் சொல்வதில் பயனில்லை. பருத்தியை உடம்போடு ஒட்ட அணியாமல் கம்பளியை அணிய வேண்டும். ஒரே தடித்த சட்டையைவிட மெல்லியவை மூன்று மேல். காலணி ஒரு விரல் பெரிதாக இருக்கட்டும். வயதானவர்களுக்கு மெய்யான அபாயம் குளிரில் இல்லை, வழுக்கலில் இருக்கிறது. காலணியின் அடியில் மாட்டிக்கொள்ளும் இரும்புப் பல் அங்கே கடைகளில் கிடைக்கும். அம்மையாரின் மேல் உண்மையிலேயே அன்புள்ள வீட்டார், ஜோதிடரை அழைத்த நேரத்தில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போய் இரத்த அழுத்தத்தைப் பார்த்திருக்கலாம். அந்த இரும்புப் பல்லை வாங்கித் தந்திருக்கலாம். அன்பு தடுப்பதில் இல்லை. துணை செய்வதில் இருக்கிறது.

சகோதரியாரின் நோக்கம் பூமியின் சாய்வைக் காண்பது. அதற்குக் கோடையும் குளிரும் ஒன்றே. இரண்டில் எதுவும் அவருக்குச் சாட்சி சொல்லும். ஆனால் ஒரு செய்தியை அவருக்குச் சொன்னோம். டிரோம்சோவில் மார்கழி முழுவதும் மறைந்திருக்கும் சூரியன், கணக்குப்படி ஜனவரி பதினைந்தாம் நாளையொட்டி, அதாவது நம் தை பிறக்கும் வேளையில், மீண்டும் அடிவானத்தைத் தொடுகிறான். சுற்றிலும் மலைகள் நிற்பதால் ஊருக்குள் முகம் தெரிய மேலும் சில நாட்கள் ஆகின்றன. ஜனவரி இருபத்தொன்றாம் நாள் வாக்கில் பள்ளிப் பிள்ளைகள் வெளியே வந்து சூரியனை வரவேற்கிறார்கள். அந்நாளில் இனிப்பு ரொட்டி தின்பது அவ்வூர் வழக்கம். அவர்களுடைய சூரியப் பொங்கல் அது. அதற்குப் புரோகிதரும் இல்லை, முகூர்த்தமும் இல்லை. பூமியின் சாய்வு குறித்த நாளில், கண்ணால் கண்டு, வாயால் தின்று கொண்டாடுகிறார்கள்.

இதைக் கேட்டதும் சகோதரியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் மார்கழிக் கடைசியில் போகிறேன். இருட்டையும் பார்த்துவிட்டு, வெளிச்சம் வருவதையும் பார்த்துவிட்டே திரும்புவேன்" என்றார். இம்முறை டிக்கெட்டைத் தாமே பதிவு செய்தார். கூடத்தில் சபை கூடவில்லை. கூட்டுவதற்கு அவர் யாருக்கும் சொல்லவுமில்லை. பையில் எல்லாவற்றுக்கும் மேலே ஓர் ஆரஞ்சுப் பழமும் ஒரு மெழுகுவர்த்தியும் இருக்கும் என்று நம்மிடம் சொன்னார்.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று நம் வீடுகளில் ஆண்டுதோறும் சொல்லிவருகிறோம். வழி தானாகப் பிறப்பதில்லை. புறப்படுகிறவர் இருந்தால்தான் வழி பிறக்கும். உங்கள் வீட்டிலும் ஓர் அத்தையோ, பெரியம்மாவோ, தமக்கையோ, கிழக்கோ வடக்கோ ஏதோ ஒரு திசையைப் பார்த்துக்கொண்டு வாய் திறவாமல் அமர்ந்திருக்கக் கூடும். வாசகர்கள் இன்றிரவே அவரை ஒரு வார்த்தை கேளுங்கள். பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வரைபடத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.